மூன்று ஓட்டை இருந்தால் எர்த் இருக்கிறது என்று அர்த்தமில்லை

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். டூ-பின் பாயின்டைக் கழற்றிவிட்டு மாட்ட த்ரீ-பின் சாக்கெட் கேட்டுப் பலர் வருகிறீர்கள். மரப்பட்டி வயரிங் உள்ள பழைய வீடுகளில் பெரும்பாலும் போர்டுக்கு வருவது கரண்டைக் கொண்டுவரும் ஃபேஸ், திரும்ப எடுத்துப்போகும் நியூட்ரல் இரண்டும்தான்; கசியும் கரண்டை மண்ணுக்கு இறக்கும் எர்த் வயர் வராது. சாக்கெட்டை மாற்றினாலும் மேலேயுள்ள பெரிய ஓட்டைக்குப் பின்னால் வயர் இருக்காது. கம்ப்யூட்டர் கேபினெட்டைத் தொட்டால் சுர்ரென்று இழுப்பது பெரும்பாலும் அதனால்தான்.

வாஷிங் மெஷின் மாட்ட வருபவர் எர்த் கேட்டால், சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரலிலிருந்து எர்த்துக்கு ஒரு துண்டு வயர் போட்டுச் சமாளிப்பது உண்டு. ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே மீட்டர் வைத்தால் 230 வோல்ட் காட்டும், அவரும் மாட்டிவிட்டுப் போய்விடுவார். பிறகு ஒருநாள் நியூட்ரல் எங்காவது விட்டுப்போனால், ஃபேஸ் மெஷினுக்குள் புகுந்து அந்தத் துண்டு வயர் வழியாகவே பாடிக்கு (மெஷினின் வெளி உலோகத்துக்கு) வந்துவிடும். மெஷின் ஓடாது; என்ன ஆயிற்று என்று கை வைப்பவருக்கு 230 வோல்ட். இதற்கு எர்த்தே இல்லாமல் இருப்பது மேல். தண்ணீர்க் குழாயில் கட்டுவதும் வேண்டாம். நடுவில் ஒரு முழம் பிவிசி வந்தாலே எர்த் போயிற்று.

முறையான வழி: வீட்டுச் சுவரிலிருந்து 1.5 மீட்டர் தள்ளிக் குழி தோண்டி, 40 மிமீ ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப் 2.5 மீட்டர் இறக்கி, சுற்றிலும் கரியும் உப்பும்; கோடையில் தண்ணீர் ஊற்ற வேண்டும். அங்கிருந்து மெயின் போர்டுக்கு எர்த் கம்பி. போர்டிலிருந்து பாயின்டுகளுக்குப் பச்சை வயர்: 6 ஆம்பியருக்கு 1.5 சதுர மிமீ, 16 ஆம்பியருக்கு ஃபேஸ் வயரின் அளவே, அதாவது 4 சதுர மிமீ. சுவரை உடைக்க வேண்டாம், சுவர்மேல் பொருத்தும் கேசிங் பட்டியில் இழுக்கலாம். ஃப்ரிட்ஜ், கிரைண்டர், வாஷிங் மெஷின், ஹீட்டர் பாயின்டுகள் முதலில். லைட் பாயின்டுகள் பிறகு.

குழி போட்டதும் வேலை முடியவில்லை. எர்த்தின் தடை 5 ஓம் என்றால், ஃபேஸ் பாடியில் படும்போது மண்ணுக்குப் பாயும் கரண்ட் 46 ஆம்பியர்தான் (230 ÷ 5). 16 ஆம்பியர் சி டைப் எம்சிபி (கரண்ட் மிகுந்தால் தானே அணையும் சுவிட்ச்) சட்டென்று விழ, அதாவது அணைய, 80 ஆம்பியருக்கு மேல் வேண்டும். அதனால் 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே லைனை அணைத்துவிடும் ஆர்சிசிபி கட்டாயம். குழி தோண்ட முடியாத மாடி வீட்டிலும் இதையாவது மாட்டுங்கள். எர்த் இல்லாதபோது யாராவது தொட்ட பிறகுதான் விழும், ஒரு கணம் ஷாக் இருக்கும், பெரும்பாலும் உயிர் தப்பும்.

மாட்டியதும் அடிக்கடி விழுந்தால் பைபாஸ் செய்யச் சொல்லாதீர்கள். பழைய துண்டு வயர் ஏதாவது ஒரு சாக்கெட்டில் மிச்சமிருக்கும், அல்லது வேறு சர்க்யூட்டின் நியூட்ரல் கலந்திருக்கும். லைசென்ஸ் உள்ள வயர்மேன் மெயினை அணைத்து ஒவ்வொரு சாக்கெட்டாகத் திறந்து பார்க்கட்டும். மாதம் ஒருமுறை ஆர்சிசிபியில் உள்ள ‘டி’ (டெஸ்ட்) பட்டனை அழுத்துங்கள். விழாவிட்டால் ஆர்சிசிபியை மாற்ற வேண்டியதுதான்.