காணாமல் ஆக்கப்பட்டோரின் பெற்றோரிடமிருந்து மரபணு மாதிரிகளை உடன் பெறக் கோரும் மனு

பெறுநர்:
கௌரவ நீதி மற்றும் தேசிய ஒருமைப்பாட்டு அமைச்சர்,
கொழும்பு.

விடயம்: செம்மணி உள்ளிட்ட மனிதப் புதைகுழிகள் – உறவினர் மரபணு மாதிரி வங்கி அமைத்தல்

கௌரவ அமைச்சர் அவர்களுக்கு,

யாழ்ப்பாணம் அரியாலையில், செம்மணியை அடுத்த சித்துப்பாத்தி இந்து மயானத்தில் 2025 பெப்ரவரியில் கட்டுமானப் பணிக்காக நிலத்தைத் தோண்டியபோது மனித எலும்புகள் வெளிப்பட்டன. நீதவானின் மேற்பார்வையில் நடந்த அகழ்வில் அவ்வாண்டு செப்டெம்பருக்குள் 200க்கும் மேற்பட்ட என்புத்தொகுதிகள் அடையாளங்காணப்பட்டன. பல ஆழமின்றிப் புதைக்கப்பட்டிருந்தன. சில ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன. குழந்தைகளும் அவர்களுள் அடங்குவர். 1998இல், பாடசாலை மாணவி கிருசாந்தி குமாரசாமியின் படுகொலை வழக்கில் தண்டிக்கப்பட்ட இராணுவச் சிப்பாய் ஒருவர், செம்மணியில் 300 முதல் 400 வரையான உடல்கள் புதைக்கப்பட்டதாக மன்றில் கூறியிருந்தார். 1999இல் தோண்டியபோது 15 என்புத்தொகுதிகள் எடுக்கப்பட்டன. அத்துடன் தேடல் நின்றது. இடையில் 26 ஆண்டுகள் வீணாயின.

அகழ்வு தொடர வேண்டும் என்பதில் எங்களுக்கு மறுபேச்சில்லை. ஆனால் எலும்பை வெளியே எடுப்பது பாதி வேலைதான். அந்த எலும்பு யாருடையது என்று சொல்ல, ஒப்பிட்டுப் பார்க்க உறவினரின் மரபணு வேண்டும். அதைத் தரக்கூடிய தாய்தந்தையரில் பெரும்பாலோர் முதுமையில் இருக்கிறார்கள். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டுக் கிளிநொச்சியில் 2017 பெப்ரவரியில் போராட்டத்தைத் தொடங்கிய தாய்மாரில் பலர் விடை தெரியாமலே கண்மூடிவிட்டனர். சைவக் குடும்பங்களில் உடலைத் தகனம் செய்வதால், பின்னர் மாதிரி எடுக்க எதுவுமே மிஞ்சுவதில்லை. ஆகவே குழிகள் முழுவதும் அகழப்படும்வரை காத்திராமல், வடக்குக் கிழக்கு எங்கும் உறவினர் மாதிரிகளை இப்போதே திரட்ட வேண்டும் என்பதே எங்கள் முதன்மைக் கோரிக்கை.

இதற்குப் பெரிய ஆய்வுகூடம் தேவையில்லை. பிரதேச செயலகத்திலோ ஆதார வைத்தியசாலையிலோ ஓர் அறை போதும். படுக்கையில் இருப்போரின் வீட்டுக்குக் குழு செல்ல வேண்டும். மாதிரி தருபவர் ஒரு மணித்தியாலத்துக்கு முன்னிருந்தே எதையும் உண்ணாமல், வெற்றிலை போடாமல் இருந்து, வாயை நீரால் கொப்பளிக்க வேண்டும். இரு கன்னங்களின் உட்புறத்திலும் தனித்தனிப் பஞ்சுக்குச்சியால் அரை நிமிடம் தேய்த்து, நிழலில் உலரவைத்து, கடதாசி உறையில் இட வேண்டும். பொலித்தீன் பையில் இட்டால் ஈரம் தங்கிப் பூஞ்சணம் பிடித்து மாதிரி கெட்டுவிடும். எங்கள் காலநிலையில் இது எளிதில் நேரும் தவறு. இதனுடன் விரல்நுனி இரத்தத் துளியைச் சிறப்பு அட்டையில் ஒற்றி உலர்த்திவைத்தால், ஈரப்பதம் படாமல் சாதாரண அறை வெப்பநிலையிலேயே பல ஆண்டுகள் பாதுகாக்கலாம். ஒவ்வொருவரிடமும் இந்த இரண்டையும் பெற வேண்டும்.

யாரிடம் பெறுவது என்பது இன்னும் முக்கியம். தாய், தந்தை இருவரும் இருந்தால் அதுவே மிகச் சிறந்தது. ஒருவர் மட்டும் இருந்தால், அவரோடு காணாமல் ஆக்கப்பட்டவரின் கூடப்பிறந்தோரில் இருவராவது வேண்டும். இருவரும் இல்லையெனில் சகோதரர்களில் இயன்றவரை எல்லோரும். காணாமல் ஆக்கப்பட்டவருக்குப் பிள்ளைகள் இருந்தால் அவர்களும் அவர்களின் மற்றைய பெற்றோரும். எங்கள் சமூகத்தில் மச்சான் மச்சாள் திருமணம் வழக்கம். உறவுக்குள் மணந்த குடும்பங்களில் மரபணுக் கூறுகள் பல பொதுவாக இருப்பதால், ஒரேயொரு உறவினரின் மாதிரியை நம்பி முடிவு சொன்னால் பிழை நேர இடமுண்டு. இந்தியாவில் மறுவாழ்வு முகாம்களிலும் கனடா, பிரித்தானியா போன்ற நாடுகளிலும் வாழும் உறவினருக்குத் தூதரகங்கள் வழியாக மட்டுமன்றிச் சுயாதீன நிலையங்கள் வழியாகவும் வசதி செய்ய வேண்டும்.

ஒரே வீட்டில் இரண்டு மூன்று பிள்ளைகளை இழந்தவர்கள் வன்னியில் உள்ளனர். பெற்றோரின் மரபணு 'இவர் இந்தத் தம்பதியின் மகன்' என்று சொல்லும். எந்த மகன் என்று சொல்லாது. அதற்கு வயது, உயரம், பல் அமைப்பு, பழைய எலும்பு முறிவு, உடலில் தங்கிய எறிகணைத் துண்டு ஆகிய விபரங்கள் வேண்டும். மாதிரி எடுக்கும் அதே நாளில் இவற்றையும் எழுதிக்கொள்ள வேண்டும். தாய் போனால் இந்த விபரங்களும் அவருடனே போய்விடும்.

2025 ஓகஸ்ட் 5ஆம் திகதி, புதைகுழியில் கிடைத்த உடைகளும் பொருட்களும் மன்றின் உத்தரவுப்படி பொதுமக்களுக்குக் காட்டப்பட்டன. அது தேவையான ஒன்று. ஆயினும் ஒரே விதச் செருப்பை ஆயிரம் பேர் அணிந்திருப்பார்கள். பொஸ்னியாவில் தொடக்கத்தில் உடைகளையும் படங்களையும் வைத்தே அடையாளம் தேடினர்; வேலை மிக மெதுவாகவே நகர்ந்தது. 1995 ஜூலையில் சிரெப்ரெனிசாவில் கொல்லப்பட்ட 8,000 பேரளவிலானோரின் உடல்களைக் கொலையாளிகளே பின்னர் இயந்திரங்களால் கிளறி வேறு குழிகளுக்கு மாற்றியிருந்ததால், ஒருவரின் எலும்புகள் பல குழிகளில் கிடைத்தன. உறவினரின் இரத்த மாதிரிகளைப் பெருமளவில் திரட்டிய பின்னரே ஏறத்தாழ 7,000 பேருக்குப் பெயர் கிடைத்தது. ஆர்ஜென்டினா 1987லேயே சட்டமியற்றித் தேசிய மரபணுத் தரவு வங்கியை அமைத்தது. இராணுவ ஆட்சியில் பறிக்கப்பட்ட பேரப்பிள்ளைகளைத் தேடிய பாட்டிமார் இறந்த பின்னும் அவர்கள் தந்த இரத்தத்தால் அப்பிள்ளைகள் கண்டுபிடிக்கப்படுகிறார்கள்.

எலும்புகளின் பக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். செம்மணி உப்பளமும் கடல்நீரேரியும் சூழ்ந்த தாழ்நிலம். மாரியில் நீர் தேங்கும். ஈரமும் வெப்பமும் மரபணுவைச் சிதைக்கும். எனவே ஒவ்வொரு தொகுதியிலும் தொடை எலும்பின் நடுப்பகுதி, சேதமற்ற கடைவாய்ப்பல், உட்செவியைச் சூழ்ந்த கடின எலும்பு ஆகியவற்றை முன்கூட்டியே பிரித்து, காற்றுப்புகும் பொதியில் உலர்வாகவும் குளிராகவும் வைக்க வேண்டும். மாதிரி முழுவதையும் ஒரே பரிசோதனையில் தீர்த்துவிடாமல், மறுபரிசோதனைக்கு ஒரு பங்கைக் கட்டாயம் ஒதுக்க வேண்டும். மன்னார் சதொச வளாகப் புதைகுழியின் எலும்புகள் பல நூற்றாண்டுகள் பழையவை என்ற காபன் திகதியிடல் (எலும்பின் காலத்தைக் கணிக்கும் சோதனை) முடிவைச் சுற்றி எழுந்த சர்ச்சையை அமைச்சு அறியும்.

மக்களின் அச்சத்தையும் சொல்ல வேண்டும். மாதிரி கொடுத்தால் 'பிள்ளை செத்துவிட்டது என்று ஒப்புக்கொண்டாய்' என்று மரணச் சான்றிதழை நீட்டுவார்களோ என்று தாய்மார் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கம் நியாயமானது. ஆகவே ஒப்புதல் படிவத்தில், மாதிரி தருவது மரணத்தை ஏற்பதாகாது, முறைப்பாட்டையோ வழக்கையோ கைவிடுவதாகாது, எந்நேரமும் மாதிரியை மீளப் பெறலாம் என்று தமிழிலும் சிங்களத்திலும் தெளிவாக எழுதப்பட வேண்டும். வலிந்து காணாமல் ஆக்கப்படுதலுக்கு எதிரான சர்வதேச உடன்படிக்கையின் 19ஆம் உறுப்புரை, இத்தகைய மரபணுத் தரவை வேறு நோக்கங்களுக்குப் பயன்படுத்தலாகாது என்கிறது. இலங்கை அவ்வுடன்படிக்கையை ஏற்று 2018இன் 5ஆம் இலக்கச் சட்டத்தை இயற்றியுள்ளது. பொலிஸாரும் படையினரும் மாதிரி எடுக்கும் இடத்துக்கு வரக்கூடாது. ஒவ்வொரு மாதிரியின் இரண்டாவது பிரதியும், ஹேக் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட காணாமற்போனோருக்கான சர்வதேச ஆணைக்குழு போன்ற வெளிநாட்டுச் சுயாதீன அமைப்பிடம் இருக்க வேண்டும். குற்றஞ்சாட்டப்படும் அரசே ஒரே பாதுகாவலராக இருப்பதை எங்களால் ஏற்க முடியாது.

பதிவில் பெயரை மட்டும் நம்ப வேண்டாம். ஒரே பெயர் மூன்று மொழிகளில் மூன்று விதமாக எழுதப்பட்டு, ஒருவர் மூவராகிவிடுகிறார். அடையாள அட்டை இலக்கம், காணாமல் போன ஆட்கள் பற்றிய அலுவலகத்தின் கோவை இலக்கம், உறையில் ஒட்டிய குறியீட்டு இலக்கம் மூன்றும் ஒன்றோடொன்று பிணைக்கப்பட வேண்டும். 70 வயதைக் கடந்தோரிடமிருந்தும் கடும் நோயாளரிடமிருந்தும் முதலில் பெறுக.

முள்ளிவாய்க்காலில் ஒவ்வொரு மே 18இலும் எம் மக்கள் மீது நடந்த இனப்படுகொலையை நினைந்து விளக்கேற்றுகிறோம். அங்கு அழும் தாய்க்குத் தன் பிள்ளை எங்கே, எப்படி என்று அறியும் உரிமை உண்டு. மாதிரி சேகரிப்பு எந்தத் திகதியில், எந்த மாவட்டத்தில், யாருடைய பொறுப்பில் தொடங்கும் என்பதை ஒரு மாதத்துக்குள் எழுத்தில் அறியத்தருமாறு கேட்டுக்கொள்கிறோம். நாங்கள் தயாரித்த ஒப்புதல் படிவத்தின் மாதிரியையும் விபரக் கோவையின் மாதிரியையும் இத்துடன் இணைத்துள்ளோம்.

இங்ஙனம்,
வடக்குக் கிழக்கைச் சேர்ந்த சட்டத்தரணிகள், மருத்துவர்கள், மரபணு ஆய்வாளர்கள்
(கையொப்பங்கள் இணைக்கப்பட்டுள்ளன)

பிரதி: யாழ்ப்பாண மாவட்டச் செயலாளர், காணாமல் போன ஆட்கள் பற்றிய அலுவலகத்தின் தலைவர்