கூட்டிச் சொல்லும் ப்ராசசர்

ஆசிரியர் அவர்களுக்கு,

கும்பகோணத்தில் டிடிபி கடை வைத்திருக்கிறேன். என் கம்ப்யூட்டரில் இருப்பது ஏஎம்டி கம்பெனியின் ரைசன் 7 1700எக்ஸ் ப்ராசசர். சும்மா இருக்கும்போதே 60 டிகிரி சூடு என்று பழைய மென்பொருள் ஒன்று காட்டியது. பழுது பார்க்க வந்தவர் ப்ராசசர் மேல் சூடு கடத்தத் தடவும் பேஸ்டை மாற்றிவிட்டு, புது ஃபேனும் வாங்கச் சொன்னார். ப்ராசசரின் சூட்டை வாங்கி வெளியேற்றும் உலோகத் துண்டான ஹீட்சிங்கைத் தொட்டால் லேசான வெதுவெதுப்புதான்!

விஷயம் இதுதான். 2017இல் வந்த 1700எக்ஸ், 1800எக்ஸ் இரண்டும் உண்மையான சூட்டோடு 20 டிகிரி கூட்டியே சொல்லும். எல்லா ரைசனிலும் ஃபேன் ஒரே போக்கில் சுழல வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு இது என்று ஏஎம்டியே அப்போது விளக்கியது. எக்ஸ் இல்லாத வெறும் 1700இல் இந்தக் கூட்டல் இல்லை. புதிய மென்பொருளில் ‘டிடை’ (Tdie) என்ற வரியில் அந்த 20ஐக் கழித்த உண்மையான அளவு வரும். எனக்கு அது 40. ஃபேன் வாங்கவில்லை. பேஸ்டுக்குக் கொடுத்த காசு போனதுதான்.

– டிடிபி கடைக்காரர், கும்பகோணம்