ஐஸ் நொறுக்க மிக்ஸி எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில், வீட்டிலேயே காக்டெயில் கலப்பது குறித்து வந்த கட்டுரையைப் படித்தேன். பானங்களின் அளவுகள் சரியாகவே தரப்பட்டிருந்தன. ஆனால் ஐஸைப் பற்றிய பகுதி, ‘மிக்ஸியில் போட்டு அரைத்துக்கொள்ளவும்; நிறைய வேண்டுமென்றால் கடையில் ஐஸ் பார் வாங்கிக்கொள்ளலாம்’ என்று ஒரே வரியில் முடிந்துவிட்டது. ஓட்டல் பார்களில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், அந்த ஒரு வரியை மறுத்து எழுதுகிறேன்.

ஐஸ் ஒரு பானத்தைக் குளிர்விப்பது பெரும்பாலும் தான் உருகுவதால்தான். ஒரு கிராம் நீரை ஒரு டிகிரி சூடாக்க ஒரு கலோரி வெப்பம் போதும். ஆனால் ஒரு கிராம் ஐஸ் உருகுவதற்கு ஏறத்தாழ 80 கலோரி வேண்டும், அதை அது பானத்திலிருந்துதான் எடுத்துக்கொள்கிறது. 3 செ.மீ. பக்கமுள்ள ஐஸ் கட்டியின் மேற்பரப்பு 54 சதுர செ.மீ.; அதையே 3 மி.மீ. துண்டுகளாக நொறுக்கினால் 540 சதுர செ.மீ. ஆகிவிடும். நொறுக்கிய ஐஸ் சட்டென்று குளிர்விப்பதும், சட்டென்று நீர்த்துப்போவதும் இதனால்தான். அமெரிக்காவின் கென்டக்கிக்காரர்கள் குதிரைப் பந்தய நாளில் குடிக்கும் மின்ட் ஜூலெப்புக்கு இது பொருந்தும். போர்பன் விஸ்கியும் சர்க்கரையும் புதினாவும் சேர்ந்த அந்தக் கடுமையான பானம், உலோகக் குவளையில் கோபுரமாகக் குவித்த ஐஸ் உருக உருகத்தான் பதத்துக்கு வரும். ரம் கலந்த மை தாய் காக்டெயிலுக்கும் அப்படியே. ஜின் கலந்த மார்ட்டினி காக்டெயிலுக்கு நொறுக்கிய ஐஸ் ஆகவே ஆகாது.

மிக்ஸியில் நேர்வது வேறு. பிளேடின் உராய்விலும், அறைச் சூட்டில் இருந்த ஜாரின் வெப்பத்திலும் ஐஸில் ஒரு பகுதி அங்கேயே உருகிவிடுகிறது. அந்த நீர் தன் குளிர்ச்சியைப் பெரும்பாலும் ஜாரிலேயே செலவழித்துவிட்டது. பானத்தில் சேர்ந்தால் நீர்க்கச் செய்யுமே தவிர, வேறு பயன் இல்லை. சென்ற கோடையில் என் மருமகள் ஒரு தட்டு ஐஸ் கட்டியை அப்படியே கொட்டி ஓட்டியதில், ஜாருக்கு அடியிலிருக்கும் கப்ளரின் பற்கள் தெறித்துப்போயின. ஜாரில் மிஞ்சியது பாதி கூழ், பாதி முழுக் கட்டி. வேறு வழியே இல்லையென்றால், ஜாரை முன்னதாக ஃபிரீசரில் வைத்து, நான்கைந்து கட்டிகளை மட்டும் போட்டு, விட்டுவிட்டு ஓட்டி, வடிகட்டியில் கொட்டி நீரை இறக்கிவிடவும்.

பார்களில் இதற்கென்றே லூயிஸ் பை என்ற கெட்டியான கான்வாஸ் பையும் மரச் சுத்தியலும் உண்டு. வீட்டில் துவைத்த காடாத் துணியில் தைத்த பை போதும். (புது மஞ்சப்பையை எடுத்துவிடாதீர்கள், சாயம் இறங்கலாம்.) ஃபிரீசரிலிருந்து எடுத்தவுடன், கட்டியின் மேல் ஈரப் பளபளப்பு வருவதற்கு முன்பே பையில் போட்டு, வாயை மடித்துப் பிடித்து, கெட்டியான பலகை மீது வைத்து பூரிக்கட்டையால் அடிக்க வேண்டும். முதல் அடிகளில் ‘டொக் டொக்’ என்று கேட்பது, சிறிது நேரத்தில் மணல் மூட்டையைத் தட்டுவதுபோல் ‘சரக்’ என்று மாறும், அங்கே நிறுத்திவிடலாம். உருகிய நீரைத் துணி உறிஞ்சிக்கொள்வதால், உள்ளே இருப்பது உலர்ந்து, கல் உப்பைப்போல் உதிரும். பிளாஸ்டிக் கவரில் இந்த வேலை நடக்காது. நீர் உள்ளேயே தங்கும், கவரும் கிழிந்து துணுக்குகள் ஐஸோடு கலக்கும். விருந்தினர் வருவதற்கு முன்பே நொறுக்கி, தட்டில் பரப்பி ஃபிரீசரில் வைக்கலாம்; ஒட்டிக்கொண்டால் முள்கரண்டியால் கிளறினால் உதிர்ந்துவிடும். மது தொடாத வீடுகளில் நன்னாரி சர்பத்துக்கும் இதே ஐஸ்தான் பொருத்தம்.

கடை ஐஸ் பார் பற்றிய ஆலோசனைதான் எனக்குப் பெரிதும் கவலை தருகிறது. உணவுக்கு அல்லாத ஐஸில் நீல நிறம் சேர்க்க வேண்டும் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணய ஆணையம் 2018இல் அறிவுறுத்தியது, அப்படிப்பட்ட ஐஸ் டம்ளருக்குள் வந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான். வெள்ளையாக இருந்துவிட்டால் மட்டும் அது குடிக்கத் தக்கது என்று ஆகிவிடாது. நான் குடியிருக்கும் ஐஸ் ஹவுஸ் பகுதிக்கு, 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்க ஏரிகளிலிருந்து கப்பலில் ஐஸ் வந்து இறங்கியது. அது எந்த ஊர்த் தண்ணீர் என்பதாவது அன்று வாங்கியவருக்குத் தெரிந்திருக்கும். தெருமுனையில் சாக்குக்குள் சுற்றி வைத்திருக்கும் ஐஸ் பாருக்கு அந்த உறுதிகூட இல்லை. காய்ச்சி ஆறவைத்த நீரை வீட்டுத் தட்டில் உறையவைப்பதே பாதுகாப்பு. மிக்ஸி விஷயம் போகட்டும். ஐஸ் பார் குறித்த அந்த வாக்கியத்தையாவது அடுத்த இணைப்பில் திருத்தி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓட்டல் ஊழியர்,
திருவல்லிக்கேணி, சென்னை.