கடலடிக்கும் உரியவர்கள் இருக்கிறோம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

மன்னார் வளைகுடாவில் வரப்போகும் காற்றாலைகள் பற்றி ஞாயிறு இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். "கடலுக்குள் நிலம் கையகப்படுத்தும் சிக்கல் இல்லை" என்று அதில் ஒரு வரி. என் அப்பா காலத்திலிருந்து உங்கள் பத்திரிகையை வாங்குகிற வீடு எங்களுடையது. எழுதியவரைவிட, அதை அப்படியே அச்சுக்கு அனுப்பிய உங்கள் மேல்தான் எனக்கு வருத்தம்.

தூத்துக்குடிக்குத் தெற்கே நாட்டுப்படகில் தொழில் செய்கிறேன். எங்களுக்குக் கடலடி வெறும் மணல் இல்லை. கடலடியில் இருக்கும் பாறைத் திட்டைப் பார் என்போம். ஒவ்வொரு பாருக்கும் பேர் உண்டு. தொள்ளாயிரம் பார் என்ற பேர் முத்துக்குளித்த காலத்திலிருந்து வருவது, உங்களுக்கே தெரிந்திருக்கும். மீன் அடைவதும் குஞ்சு பொரிப்பதும் அந்தப் பாரை நம்பித்தான். பட்டா இல்லை என்பதால் அது யாருக்கும் சொந்தமில்லாத இடமாகிவிடுமா?

அடித்தளம் போடுவது என்றால் என்னவென்று கட்டுரையில் ஒரு பத்தியாவது எழுதியிருக்கலாம். மணற்பாங்கான இடத்தில் ஆயிரம் டன்னுக்கு மேல் எடையுள்ள இரும்புக் குழாயை ராட்சதச் சுத்தியலால் அடித்து இறக்குவார்கள். அதைச் சுற்றி அலை மணலை அரிக்காமல் இருக்கப் பாறைகளைக் கொட்டுவார்கள். அடியில் பாறை இருந்தால் துளை போட வேண்டும். பிரான்சில் சேன்-பிரியோ விரிகுடாவில் அப்படித்தான் துளை போட்டார்கள். 2021 ஜூனில் துளையிடும் கப்பலிலிருந்து எண்ணெய் கசிந்து வேலை நின்றது. அங்கே சிப்பி எடுக்கும் மீனவர்களும் படகுகளோடு போய் எதிர்ப்புக் காட்டினார்கள். ஜெர்மனியில் அடிக்கும் இடத்திலிருந்து 750 மீட்டரில் சத்தம் 160 டெசிபலைத் தாண்டக்கூடாது என்று வரம்பு இருக்கிறது. அதற்காகக் குழாயைச் சுற்றிக் காற்றுக் குமிழித் திரை போடுகிறார்கள். நம் வளைகுடாவில் ஆவுளியா என்ற கடல்பசு இருக்கிறது, 21 தீவுகளோடு தேசியப் பூங்கா இருக்கிறது. இங்கே என்ன வரம்பு வைக்கப்போகிறார்கள்? 2024 ஜூனில் கடல் காற்றாலைக்காகக் குஜராத்துக்கும் நமக்கும் சேர்த்து 7,453 கோடி ரூபாய் ஒப்புதலான செய்தியைப் பெரிதாகப் போட்டீர்கள். இந்தக் கேள்வியையும் கேட்டிருக்கலாமே.

மின்சாரம் வேண்டாம் என்று சொல்லவில்லை. எங்கள் வீட்டிலும் விளக்கு எரிகிறது. ஆனால் 2005-ல் சேதுசமுத்திரத் திட்டத்தைத் தொடங்கியபோதும் கடலடியைத் தோண்டத்தான் செய்தார்கள். பாதியில் விட்டுப் போனார்கள், தோண்டிய இடம் என்ன ஆனது என்று எங்களிடம் வந்து சொன்னவர் யாருமில்லை. அப்புறம் கரையில் கல் கொட்டினார்கள், பக்கத்து ஊர்க் கரை அரித்துப்போனது. ஆய்வுக் கப்பல் ஒன்று என் வலையை அறுத்துக்கொண்டு போனது. நஷ்ட ஈடு கேட்டு மனு கொடுத்தேன், ரசீதோடு சரி. கருத்துக் கேட்புக் கூட்டம் என்று கூப்பிட்டு ஆங்கிலத்தில் படம் போட்டுக் காட்டினார்கள். என் பக்கத்தில் இருந்த பெரியவர் கடைசிவரை அமைதியாக உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போனார். அவருக்குத் தெரிந்த கடலில் பாதிகூட அந்த மேடையில் இருந்த யாருக்கும் தெரியாது.

நீங்கள் செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. கட்டுரையோடு போட்ட வரைபடத்தில் எங்கள் ஊர் ஒன்றின் பேர்கூட இல்லை. அடித்தளம் போடப்போகும் இடங்களை அட்சரேகை, தீர்க்கரேகையோடு அதிகாரிகளிடம் கேட்டு வாங்கி, தமிழில், படிக்கிற அளவு எழுத்தில் வெளியிடுங்கள். எந்தப் பார் போகிறது என்று நாங்களே பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
நாட்டுப்படகு மீனவர்,
தூத்துக்குடி மாவட்டம்