கியர் இறுக்கமா இருந்தா கியர்பாக்ஸை இறக்கணுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் நாளிதழின் வாகனப் பக்கத்தைத் தவறாமல் படிக்கிறவன் நான். புதுக் கார் வந்தால் திரை எத்தனை அங்குலம், கூரை திறக்குமா, பின் சீட்டுக்கு ஏசி உண்டா என்று விலாவாரியாக எழுதுகிறீர்கள். கியர் போடுவதற்கு எப்படி இருக்கிறது என்பதற்கு மட்டும் அரை வரி, 'கியர் மாற்றம் மென்மை' என்று. சென்னையில் கிளட்ச் மிதித்து ஓட்டுகிறவனுக்கு நாள் முழுக்கக் கையில் படுவது அந்தத் திரை இல்லை, கியர் ராடுதான். ஆற்காடு சாலையில் மெட்ரோ வேலைக்கு நடுவே வடபழனியிலிருந்து போரூர் போய்ச் சேருவதற்குள் ஒன்று, இரண்டு, மறுபடி ஒன்று என்று இடது கை ஓய்வதே இல்லை. அது கரகரவென்று இருந்தால் வீட்டுக்கு வந்து ஒரு பையைத் தூக்கவே அந்தக் கை வராது.

என் சின்னக் காரில் கியர் ராடு விழப்போகிற பல் மாதிரி ஆட ஆரம்பித்தது. ஒன்றிலிருந்து இரண்டுக்கு இழுத்தால் வழியில் எங்கோ முட்டிக்கொண்டு நிற்கும். சர்வீஸ் சென்டரில் காட்டினேன். காலையில், வண்டி இன்னும் சூடேறாத நேரத்தில், தெருமுனை வரை ஓட்டிவிட்டு வந்து "இந்த மாடலுக்கு இப்படித்தான் சார் இருக்கும்" என்றார்கள். வெளியே இன்னொரு ஒர்க்‌ஷாப்பில் "சிங்க்ரோ (கியர்பாக்ஸுக்குள் கியர் உரசாமல் விழ உதவுகிற வளையம்) போயிருக்கு, கியர்பாக்ஸ் இறக்கணும்" என்று சொல்லி, கேட்ட தொகையில் ஒரு பழைய ஸ்கூட்டரே வாங்கிவிடலாம். கடைசியில் எங்கள் பேட்டையிலேயே இருக்கும் ஒரு வயதான மெக்கானிக் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, என்னை உள்ளே உட்கார்ந்து கியரை ஆட்டச் சொன்னார். கியர் ராடிலிருந்து கியர்பாக்ஸுக்குப் போகிற கேபிளின் முனையில் இருக்கிற புஷ் என்கிற சின்ன வளையம் தூளாகிக் கிடந்தது. அவ்வளவுதான் சமாச்சாரம். இது என் ஒருவன் கதை இல்லை, கேட்டால் பாதிப் பேர் இதையே சொல்கிறார்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

இன்றைய முன்சக்கர இழுவைக் கார்களில் கியர்பாக்ஸ் நம் கைக்குக் கீழே இல்லை, இன்ஜினோடு சேர்ந்து முன்னால் குறுக்கே கிடக்கிறது. கைக்கும் அதற்கும் நடுவே பெரும்பாலான வண்டிகளில் இரண்டு கேபிள். ராடை இடவலமாகத் தள்ளினால் ஒரு கேபிள் எந்த வரிசை என்று தேர்ந்தெடுக்கிறது, முன்பின்னாகத் தள்ளினால் மற்றது கியரைப் போடுகிறது. அதற்கு முன் இரும்புக் கம்பியும் மூட்டுகளுமாக இருந்தது, மாருதி 800 அப்படித்தான். அதற்கும் முன்னால் ஸ்டியரிங்குக்குப் பக்கத்திலேயே கியர் வைத்த பியட்டை, அத்தனை மூட்டும் தேய்ந்த பிறகும், எழும்பூர் ஸ்டேஷன் வாசலில் டாக்சிக்காரர்கள் எப்படித்தான் ஓட்டினார்களோ, அது தனிக் கதை. நான் சொல்ல வந்தது, நாம் 'கியர் சரியில்லை' என்று சொல்வதில் பெரும்பங்கு கியர்பாக்ஸுக்கு வெளியே நடக்கிறது. ஒவ்வொரு கேபிளின் இரண்டு முனையிலும் ரப்பரோ பிளாஸ்டிக்கோ ஒரு புஷ் இருக்கும். இன்ஜின் அதிர்வு கைக்கு வராமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை. இன்ஜின் சூட்டிலும் நம் ஊர் வெயிலிலும் வெந்து வெந்து அது இறுகி, வெடித்து, ஒருநாள் உதிர்ந்துபோகும். அப்புறம் நீங்கள் ராடைத் தள்ளுகிற தூரத்தில் ஒரு பகுதி அந்த ஓட்டையை நிரப்புவதற்கே போய்விடுகிறது. கியர் பாதிதான் விழும், சில சமயம் தானே கழன்றும் வரும்.

இதில் எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிற இடம் ஒன்று உண்டு. சில வண்டிகளுக்கு அந்தக் குட்டி புஷ் தனியாகக் கிடைப்பதில்லை, கேபிள் செட்டையே வாங்கு என்கிறார்கள். புதுப்பேட்டையிலும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலும் தேடினால் சில வண்டிக்கு மாற்று புஷ் கிடைக்கும். இல்லாவிட்டால் லேத் பட்டறையில் நைலானிலோ பித்தளையிலோ கடைந்து தருவார்கள். பித்தளை போட்டால் கியர் 'டக் டக்' என்று கச்சிதமாக விழும், ஆனால் இன்ஜின் அதிர்வு முழுக்க உள்ளங்கைக்கு வந்து சேரும். வேறு வழியில்லாதவர்களுக்கு நைலான்தான் நடுவழி என்பது என் எண்ணம். அசல் புஷ் கிடைத்தால் அதற்கு ஈடு எதுவும் இல்லை. இன்னொன்று, கேபிளுக்கு அளவு வைப்பது, அதாவது அதன் நீளத்தைச் சரிபார்த்துப் பொருத்துவது, என்று ஒரு வேலை இருக்கிறது. கிளட்ச் பிளேட் மாற்றுவதற்காக கியர்பாக்ஸைக் கழற்றி மாட்டும்போது இதைச் சரியாகச் செய்யாமல் விட்டுவிடுவார்கள். வண்டியை வெளியே எடுத்தால் ஒன்று நன்றாக விழும், ஐந்து விழாது, அல்லது ரிவர்ஸ் தேடினாலும் கிடைக்காது. பார்ட் எதுவும் தேவையில்லை, திரும்பக் கொண்டுபோய் அளவு வைக்கச் சொன்னால் போதும்.

இன்ஜினைத் தாங்கிப் பிடிக்கிற ரப்பர் வைத்த இன்ஜின் மவுண்டிங்கையும் இதோடு பார்த்துவிட வேண்டும். ரப்பர் கிழிந்திருந்தால் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதும் விடும்போதும் இன்ஜினே முன்னும் பின்னும் சாயும். கம்பி இணைப்பு உள்ள பழைய வண்டியில் கியர் ராடும் கூடவே தலையாட்டும், கேபிள் வண்டியில் அது கண்ணுக்குத் தெரியாது, கியர் மட்டும் முரண்டு பிடிக்கும்.

அடுத்து கிளட்ச். இதற்கு யார் வேண்டுமானாலும் செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு. சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, இன்ஜினை அணைத்து, கிளட்சை முழுக்க மிதித்து எல்லா கியரையும் போட்டுப் பாருங்கள். ஒன்றிரண்டு முறை பல்லும் பல்லும் நேராக வராமல் தட்டும், அது சகஜம். பிறகு இன்ஜினை ஓடவிட்டு நியூட்ரலிலிருந்து அதையே செய்யுங்கள். அணைத்தபோது வெண்ணெயாக விழுந்த கியர் ஓடும்போது மல்லுக்கட்டினால், கிளட்ச் முழுசாக விடவில்லை என்று அர்த்தம். அணைத்தபோதும் அதே இறுக்கம் என்றால் கேபிள், புஷ், ராடின் அடிமூட்டு பக்கம் போய்ப் பாருங்கள். ரிவர்ஸும் நன்றாகக் காட்டிக்கொடுக்கும், பல வண்டிகளில் அதற்கு சிங்க்ரோ கிடையாது என்பதால் கிளட்சை மிதித்துக் கொஞ்சம் பொறுத்துப் போட்டாலும் 'கர்ர்' என்றால் கிளட்ச்தான்.

கிளட்ச் விடாததற்குப் பெரிய காரணம்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. இப்போது எல்லோரும் போடுகிறார்களே 7டி மேட், மெத்தை மாதிரி தடிமனாக, அது பெடலுக்கு அடியில் மடிந்து நின்றாலே கால் முழுக்க இறங்காது. மேட்டை எடுத்துவிட்டு ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள், காசா பணமா. ஹைட்ராலிக் கிளட்ச் என்றால் லைனில் காற்று புகுந்திருக்கலாம். பல கார்களில் பிரேக்குக்கும் கிளட்சுக்கும் ஒரே டப்பாவிலிருந்துதான் ஆயில் போகிறது, அந்த ஆயில் காற்றிலிருக்கிற ஈரத்தை உறிஞ்சும். கடலோர ஊரில் இருந்துகொண்டு அதை வருடக்கணக்கில் மாற்றாமல் விடுவது புத்திசாலித்தனம் இல்லை. கேபிள் கிளட்ச் என்றால் ஃப்ரீ பிளே, அதாவது பெடலில் வேலை தொடங்குவதற்கு முன் இருக்கிற வெற்று ஆட்டம், சரியா என்று பார்க்கச் சொன்னால் போதும்.

சரி, இதெல்லாம் சுத்தமாக இருந்தும் கியர் கரகரத்தால் அப்போது கியர்பாக்ஸுக்கு உள்ளே போகலாம். அப்போதும் முதலில் ஆயில்தான். உள்ளே முன்னால் போகிற ஒவ்வொரு கியருக்கும் சிங்க்ரோ வளையம் இருக்கிறது, பல கார்களில் பித்தளை. கியர் விழுவதற்கு முன் அது உரசி, இரண்டு பக்க வேகத்தையும் சமப்படுத்துகிறது, சமமானால்தான் வழிவிடும். அந்த உரசலுக்கு ஏற்ற ஆயில் வேண்டும். கார் கையேட்டில் 75டபிள்யூ-80 என்று (ஆயிலின் கெட்டித்தன்மை எண்) போட்டிருக்கும், மெக்கானிக் எல்லா வண்டிக்கும் ஊற்றுகிற அதே '90 ஆயிலை' ஊற்றிவிடுவார். கெட்டி ஆயிலில் வளையம் வேகத்தைப் பிடிக்கத் திணறும். நம் ஊரில் அது அவ்வளவாகத் தெரியாது, டிசம்பர் காலையில் ஊட்டியில் வண்டியை எடுத்தால் இரண்டாம் கியர் சொல்லிவிடும். இன்னொரு தப்பு, ஜிஎல்-4 என்ற கியர் ஆயில் தரத்தைக் கேட்கிற இடத்தில், எண் பெரிசு என்பதற்காக ஜிஎல்-5 போடுவது. அது டிஃபரன்ஷியலில் (இன்ஜின் சக்தியைச் சக்கரங்களுக்குப் பிரித்துத் தருகிற பெட்டி) வரும் ஹைபாய்ட் என்ற வகைப் பல்சக்கரங்களின் கடும் அழுத்தத்துக்காக வந்தது, கந்தகமும் பாஸ்பரஸும் சேர்ந்த மருந்து அதில் அதிகம். சில வகைகள் பித்தளையை அரிக்கும், அரிக்காவிட்டாலும் வழுக்கல் அதிகமாகி உரச வேண்டியது உரசாது. கையேட்டில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் வேதம். கியர் ஆயில் மாற்றுவதைப் பொறுத்தவரை, இரண்டு லிட்டர் சொச்சம் பிடிக்கிற விஷயத்துக்கு நம்மாட்கள் காட்டுகிற கஞ்சத்தனம் சொல்லி மாளாது. இன்ஜின் ஆயிலைக் கெடு தவறாமல் மாற்றுகிறவர்கள் இதை வண்டி விற்கிற வரை தொடமாட்டார்கள்.

சென்னைக்காரர்களுக்கு இதில் தனியாக ஒரு தலைவலி உண்டு, மழைத் தண்ணீர். 2015-லும் 2023 டிசம்பர் மிக்ஜாமிலும் முழங்கால் ஆழத்தில் கார் நின்றதைப் பார்த்தோம், இப்போது மழை அறிவிப்பு வந்தாலே வேளச்சேரி மேம்பாலத்தில் காரை ஏற்றி நிறுத்திவிடுகிறார்கள், நல்லதுதான். ஏற்ற முடியாமல் தண்ணீரில் ஓட்டி வந்தவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கியர்பாக்ஸில் காற்று போய்வர ஒரு சின்னத் துவாரம் இருக்கும். சூடான பெட்டி திடீரென்று குளிர்ந்த தண்ணீரில் மூழ்கினால் உள்ளே காற்று சுருங்கி, அந்த வழியாகத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். வண்டி ஓடும், எல்லாம் சரி என்று தோன்றும், கொஞ்ச நாளில் கியர் முனகும். கீழே டிரெயின் போல்ட்டைத் திறந்தால் ஆயில் பால் காபி நிறத்தில் வரும். இன்ஜின் ஆயிலை மட்டும் மாற்றிவிட்டு வெள்ளச் சேதம் சரிசெய்தாகிவிட்டது என்று பில் போடுகிற இடங்களில் இதையும் கேளுங்கள்.

எல்லாம் பார்த்த பிறகும் ஒரே ஒரு கியர் மட்டும், குறிப்பாக இரண்டோ மூன்றோ, தகராறு செய்தால் லாரி டிரைவர் மாதிரி டபுள் கிளட்ச் போட்டுப் பாருங்கள். கிளட்ச், நியூட்ரல், கிளட்சை விடு, மறுபடி கிளட்ச், கியர். கியரைக் குறைக்கும்போது நியூட்ரலில் ஒரு சின்ன ஆக்சிலரேட்டர். அப்போது பிசகாமல் விழுந்தால் சிங்க்ரோ தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். அப்போது இறக்குங்கள், செலவு செய்யுங்கள், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

இளைஞர்கள் இதையெல்லாம் விட்டுவிட்டு ஷார்ட் ஷிஃப்டர் வாங்குகிறார்கள். ராட் நகர்கிற தூரம் குறையும், உண்மை. ஆனால் நெம்புகோல் கணக்கு யாருக்கும் சலுகை தராது, தூரம் குறைந்த அளவுக்குத் தள்ளுகிற பலம் கூட வேண்டும். சிங்க்ரோ வளையத்துக்கும் வேலை செய்ய நேரம் குறையும். புஷ் தேய்ந்த வண்டியில் இதைப் போட்டால் ஆட்டம் அப்படியே இருக்கும், இறுக்கம் மட்டும் கூடும். ராடின் உச்சியில் மாட்டுகிற கனமான கைப்பிடி உருண்டை, கியர் நாப், பரவாயில்லை, அதன் எடையே ராடைத் தடையைத் தாண்டித் தள்ளிவிடுவதால் கைக்கு ஒரு நிறைவு தெரியும். ஆனால் அந்த ஸ்டீல் உருண்டையை மே மாதம் பெசன்ட் நகரில் வெயிலில் நிறுத்திவிட்டு வந்து தொட்டுப் பாருங்கள், அப்புறம் பேசுவோம். மற்றபடி கியர் ராடின் மேலேயே கையை வைத்துக்கொண்டு ஓட்டாதீர்கள், பல கையேடுகளிலேயே இது இருக்கிறது, உள்ளே கியரைத் தள்ளிப் போடுகிற செலக்டர் ஃபோர்க் தேயும்.

"இந்தத் தொல்லையே வேண்டாம், ஏஎம்டி வாங்கு" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஏஎம்டி என்றால் கிளட்ச் பெடல் இல்லாமல் தானே கியர் மாற்றிக்கொள்ளும் வண்டி. 2014-இல் மாருதி செலேரியோவில் வந்ததிலிருந்து பலரும் அதற்கு மாறிவிட்டார்கள், கத்திப்பாராவில் மாட்டிக்கொண்டவர்களுக்கு அது வரம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதற்குள் இருப்பதும் இதே மேனுவல் கியர்பாக்ஸ், இதே கிளட்ச், இதே சிங்க்ரோ. நம் கையும் காலும் செய்கிற வேலையை ஒரு கருவி செய்கிறது. அந்த ஆயிலையும் யாரோ மாற்றத்தான் வேண்டும்.

கார் கம்பெனிகளிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. கேபிள் புஷ்ஷுக்குத் தனி பார்ட் நம்பர் கொடுங்கள், கேபிளோடு ஒட்டி விற்காதீர்கள். சர்வீஸ் சென்டர்காரர்கள், கியர் பற்றிப் புகார் வந்தால் வண்டி நன்றாகச் சூடேறிய பிறகு, சாயங்கால நெரிசலில், வண்டிக்காரரையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு ஓட்டிப் பார்க்க வேண்டும். கியர்பாக்ஸ் இறக்கணும் என்று சொல்வதற்கு முன் புஷ், மவுண்டிங், கிளட்ச், ஆயில் நான்கையும் பார்த்தோம் என்று ஜாப் கார்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், கேட்ட தொகையை முணுமுணுக்காமல் கட்டிவிடுகிறோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மடிப்பாக்கம், சென்னை