பேத்தி குட்டியின் பள்ளிக்கூடம் பற்றி மகளுக்கு

குலசேகரம்

மக்களே,

நீ அனுப்பிய நீளமான மெயிலை அப்பா கடையில் பிரிண்ட் எடுத்துக் கொண்டுவந்து தந்தார். போனில் பேசினால் நாம் இரண்டு பேரும் சத்தம் போடுவோம் என்று தெரிந்துதான் எழுதியிருக்கிறாய். அதனால் நானும் எழுதியே பதில் சொல்கிறேன். ஜூன் முதல் குட்டி பள்ளிக்குப் போகமாட்டாள், வீட்டிலும் பாடத்திட்டம், டைம்டேபிள் எதுவும் கிடையாது, அவளுக்கு எதில் ஆசையோ அதை அவள் போக்கில் படிப்பாள் என்கிறாய். சரி. ஆயுசெல்லாம் சாக்பீஸ் பிடித்தவளிடம் இதைச் சொல்லத் தைரியம் வேண்டும். அந்தமட்டில் சந்தோஷம்.

பிள்ளை தானாகப் படிக்குமா என்ற சந்தேகம் எனக்கு இல்லை. நான் முதலில் வேலை பார்த்தது கடற்கரைப் பள்ளி ஒன்றில். அங்கே ஆறாம் வகுப்பில் ஒரு பையன், தமிழையே எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பான். ஆனால் அப்பனோடு வள்ளத்தில் போய்ப் பழகியவன். கடலுக்குள்ளிருந்து பார்த்தால் கரையில் ஒரு மலை உச்சியும் அதற்கு முன்னால் ஒரு சர்ச் கோபுரமும் ஒரே நேராக வரும். வேறொரு பக்கம் அதேபோல இன்னொரு ஜோடி. இரண்டு கோடும் எங்கே வெட்டுகிறதோ அங்கேதான் தண்ணீருக்கடியில் பாறை, பாறையை ஒட்டித்தான் மீன். இதை அவன் கரும்பலகையில் வரைந்து காட்டினான். வெட்டும் கோடுகள் நான் அடுத்த வாரம் நடத்த வேண்டிய பாடம்! அதற்குப் பிறகு எந்தப் பிள்ளையையும் 'இவனுக்கு ஒன்றும் தெரியாது' என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

நம் குட்டியையே எடுத்துக்கொள். போன வருஷம் பரீட்சை முடிந்து மார்ச் கடைசியில் வந்தாளே, அப்போது ரப்பர் தோட்டத்தில் தேன் நல்ல ஒழுக்கு. தேனீப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் நின்று மரங்களை அண்ணாந்து பார்த்துவிட்டு, "பாட்டா, பூவையே காணலியே, ஈ எங்க போய்த் தேன் குடிக்குது?" என்று கேட்டாள். அப்பா பதில் சொல்லவில்லை. தாழ்ந்த கிளை ஒன்றை வளைத்துப் பிடித்து இளந்தளிரைக் காட்டினார். ஒரு காம்பில் மூன்று இலை, அந்த மூன்றும் சேரும் இடத்தில் பொட்டுப் பொட்டாய்ச் சுரப்பிகள், அதில் ஒரு துளி. தொட்டு நக்கிப் பார்த்தாள். ரப்பரில் தேன் வருவது பெரும்பாலும் இந்தத் தளிர்க் காம்பிலிருந்துதான், பூவிலிருந்து இல்லை. இந்த ஊரிலேயே எத்தனையோ பேருக்கு இது தெரியாது.

அதோடு விட்டாளா? போன மாதத்துத் தேன் ஏன் நெய் மாதிரி உறைந்திருக்கிறது, சீனி கலந்தீங்களா என்று அடுத்த கேள்வி. (வாங்க வருகிறவர்களும் இதைத்தான் கேட்கிறார்கள்.) ரப்பர் தேனில் குளுக்கோஸ் அதிகம், அதனால் சீக்கிரம் உறையும் என்றார் அப்பா. உடனே சின்னச் சின்னக் குப்பிகளில் ஊற்றி, தேதி எழுதி, ஜன்னலில் ஒன்று, அலமாரிக்குள் ஒன்று என்று வைத்தாள். குப்பியில் 'றப்பர்' என்று எழுதியிருந்தாள். என் கை சிவப்புப் பேனாவைத் தேடியது, ஆனால் நான் எடுக்கவில்லை.

இதையெல்லாம் நீ உன் கட்சிக்குச் சாட்சியாக எடுத்துக்கொள்வாய். எடுத்துக்கொள். ஆனால் அங்கே குட்டி மட்டும் இல்லையே. பெட்டி இருந்தது, தோட்டம் இருந்தது, வேலை இருந்தது. அந்த வேலை தெரிந்த ஒரு ஆள் அவசரம் இல்லாமல் கிளையை வளைத்துப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்தப் பையனுக்கும் வள்ளமும் அப்பனும் இருந்தார்கள். உங்கள் ஃபிளாட்டில் யார் இருக்கிறார்கள்? நீயும் மாப்பிள்ளையும் காதில் ஒன்றை மாட்டிக்கொண்டு சாயங்காலம் வரை லேப்டாப்பைப் பார்க்கிறீர்கள். "அம்மா மீட்டிங்ல இருக்கா, சத்தம் போடாதே." உங்கள் தொழிலைப் பற்றி அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். பிள்ளையை வேலைக்கு விடு என்று நான் சொல்லவில்லை, வேலை நடக்கிற இடத்தில் நிற்க விடு என்கிறேன்.

நீ எடுத்துக்காட்டிய ஜான் ஹோல்டைப் பற்றி நானும் தேடிப் படித்தேன். அமெரிக்காவில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். பள்ளிக்கூடத்தைத் திருத்தலாம் என்று பல வருஷம் பேசி, நம்பிக்கை விட்டுப்போய், 1977இல் பள்ளிக்கு அனுப்பாமல் பிள்ளை வளர்ப்பவர்களுக்காக ஒரு பத்திரிகை தொடங்கினார். நடுவயதில் செல்லோ வாசிக்கப் பழகியவர் என்பது எனக்குப் பிடித்தது. ஆனால் பிள்ளையை வீட்டில் வையுங்கள் என்பதோடு அவர் நிறுத்தவில்லை. பெரியவர்களின் உலகத்துக்குள், அவர்கள் வேலை செய்யும் இடத்துக்குள் பிள்ளைகள் போய்வர வேண்டும் என்றார். உன் மெயிலில் அந்தப் பாதியைக் காணோம்.

இன்னொன்று எனக்குக் கோபமே வந்தது. பள்ளிக்கூடம் என்பதே தொழிற்சாலைக்கு ஆள் தயாரிக்க வந்தது என்று எழுதியிருக்கிறாய். எந்த ஊர்க் கதையோ அது, நம்ம கன்னியாகுமரி ஜில்லாவின் கதை இல்லை. 1806இல் மிஷனரி ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்த பிறகு மிஷன் பள்ளிகளின் படியேறியவர்களில் பலர் அதுவரை வேறு எந்தப் படியிலும் ஏற விடப்படாதவர்கள். ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் மேல்துணி போட்டதற்காக நடந்த தோள்சீலைக் கலவரத்தில் அந்தத் துணியைக் கிழித்தவர்கள் பள்ளிக்கூடங்களையும் சேர்த்தே எரித்தார்கள். அங்கே என்ன நடக்கிறது என்று அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. மேலாடை அணியலாம் என்று திருவிதாங்கூர் அரசு அறிவித்தபோது வருஷம் 1859. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு அதிகம், 91.75 சதவீதம், இந்த ஜில்லாவில்தான். டீச்சருக்க பேத்தி பள்ளிக்குப் போகலியாமே என்று ஞாயிற்றுக்கிழமை சபையில் கேட்பார்கள். அதை நான் பார்த்துக்கொள்கிறேன், உனக்கு அந்தக் கவலை வேண்டாம்.

பள்ளியை விட்டால் பாடம் போகாது, அது எங்கும் கிடைக்கும். போவது பெஞ்சு. நீ படிக்கும்போது உன் பக்கத்தில் இருந்தவள் ரப்பர் பால்வெட்டுக்காரர் மகள். அவளுடைய மரச்சீனிக் கிழங்கையும் மீன்கறியையும் நீ தின்பாய், உன் தோசையை அவள் தின்பாள். அவள் வீட்டில் ரப்பர் ஷீட் புகைப்புரையில் தொங்குவதைப் பார்த்துவிட்டு வந்து எனக்கே விளக்கம் சொன்னாய். நாங்கள் தேடிப் பிடித்துக் கொடுத்த சிநேகம் இல்லை அது, பெஞ்சு கொடுத்தது. குட்டி இப்போது போகும் பள்ளியில் மட்டும் அது இருக்கிறதா என்று நீ கேட்கலாம். இல்லைதான். வாசலிலேயே கட்டணம் பிள்ளைகளைச் சலித்துத்தான் உள்ளே விடுகிறது. ஆனால் வீட்டில் வைத்துக்கொண்டால் அந்தச் சல்லடை இன்னும் நெருக்கம். உங்களுக்குப் பிடித்தவர்களின் பிள்ளைகள் மட்டும்தான் அவளுக்குக் கூட்டு.

சட்டத்தை நினைத்துப் பயப்பட அவ்வளவு இல்லை. பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோர் கடமை என்று 2009 கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது, சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை எதுவும் வைக்கவில்லை. 14 வயதுக்குள் மனசு மாறித் திரும்பப் போனால் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும் என்று நாலாவது பிரிவு இருக்கிறது. பத்தாம் வகுப்புக்குத் தேசிய திறந்தநிலைப் பள்ளியில் 14 வயதானால் பதியலாம். ஐந்து பாடம், ஐந்து வருஷத்துக்குள் பிரித்துப் பிரித்து எழுதலாம். மாற்றுச் சான்றிதழை மட்டும் இப்போதே கேட்டு வாங்கி வை.

வாசிப்பு பிந்தினாலும் அலட்டிக்கொள்ளாதே, வந்துவிடும். பின்னம் அப்படித் தானாக வராது. அதற்கு யாராவது பொறுமையாகப் பக்கத்தில் உட்கார வேண்டும். மாப்பிள்ளைக்கு அந்தப் பொறுமை உண்டு, உனக்குக் கிடையாது.

ஆக, நான் கேட்பது இதுதான். ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு குட்டி எங்கே இருப்பாள், யாரோடு இருப்பாள் என்று எழுதி அனுப்பு. 'வீட்டில், தன் போக்கில்' என்று எழுதினால் நான் சம்மதிக்கமாட்டேன். உங்கள் தெருமுனையில் தையல்கடை இருக்கிறது, சைக்கிள் கடை இருக்கிறது, செடி விற்கிற அந்த அம்மா இருக்கிறாள். போய்ப் பேசு. சாயங்காலம் பக்கத்து அரசுப் பள்ளிப் பிள்ளைகள் விளையாடும் மைதானத்துக்குக் கூட்டிப் போ. உங்களில் ஒருவர் வேலையை அரை நாளாகக் குறைக்க முடியுமா என்று கணக்குப் பாருங்கள். முடியாது என்றால் அவள் பள்ளிக்கே போகட்டும், லீவுக்கு இங்கே வரட்டும்.

முடியும் என்றால், ஜனவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரை அவள் எங்களுக்கு. அப்பாவிடம் கேட்டாகிவிட்டது. தனியாக ஒரு பெட்டி தருவாராம், கணக்கும் அவளே எழுத வேண்டுமாம். முழுக்கைச் சட்டை இரண்டு வெள்ளையில் வாங்கிக் கொடுத்து அனுப்பு. கறுப்புத் துணியைக் கண்டால் ஈக்குக் கோபம் வரும்.

அன்புடன்,
அம்மா