கூட வந்து உட்கார்ந்தவர்களுக்கு

தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, காசிமேடு, வியாசர்பாடியில் எங்களோடு நின்ற எல்லாருக்கும் வணக்கம்.

இந்த மாதக் கடைசியோடு தன்னார்வலர் ஒருங்கிணைப்பாளர் பொறுப்பை நம் வியாசர்பாடித் தம்பியிடம் ஒப்படைக்கிறேன். ஆறு வருஷம் ஓடிவிட்டது. குழந்தைகள் உரிமைக்காகப் பேசுகிறவர்கள் என்று எங்களைச் சொல்வார்கள். பேசியது கொஞ்சம்தான். பாதி நாள் பிள்ளைகளுக்குத் துணையாகக் காத்திருந்தோம்: காவல் நிலையத்தில், ஆஸ்பத்திரியில், குழந்தைகள் நலக் குழு முன்னால், நீதிமன்றத்தில். நீங்கள் யாரும் பாதியில் எழுந்து போகவில்லை. அதற்குத்தான் இந்த மடல்.

முதலில் பூக்கார அக்காவுக்கு. அன்றைக்குச் சாட்சி சொல்ல வந்த பிள்ளை காலையிலிருந்து வாய் திறக்கவில்லை. சாப்பிடுறியா, தண்ணி வேணுமா என்று நாங்கள் மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டிருந்தோம். நீங்கள் ஒன்றுமே கேட்கவில்லை. பையிலிருந்து மல்லி மொட்டையும் நனைத்த வாழைநாரையும் எடுத்து மடியில் வைத்துக் கட்ட ஆரம்பித்தீர்கள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளை, இரண்டிரண்டாக மொட்டெடுத்து உங்கள் கையில் கொடுக்கத் தொடங்கியது. காம்பு திரும்பியிருந்தால் அதுவே சரிசெய்து கொடுத்தது. இரண்டு முழம் ஆனபோது உள்ளே கூப்பிட்டார்கள். "நான் வர்ற வரைக்கும் கட்டாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனது. நீங்களும் கட்டவில்லை. ஒன்றேகால் மணி நேரம் நாரை விரலில் சுற்றியபடி அப்படியே உட்கார்ந்திருந்தீர்கள். அன்றைய வியாபாரம் போனதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை, அக்கா. எந்தப் பயிற்சியிலும் எனக்குக் கிடைக்காத பாடம் அது.

அப்புறம் வங்கியிலிருந்து ஓய்வுபெற்ற நம் சார். முதல் வருஷம் எல்லாவற்றையும் நானே பார்த்தேன். எல்லா நம்பரும் என் போனில், எல்லாத் தேதியும் என் தலையில். ஒருநாள் காய்ச்சலில் படுத்துவிட்டேன். ஒரு குடும்பம் நீதிமன்றத்தில் துணைக்கு ஆளில்லாமல் சாயங்காலம் வரை நின்றது. அந்தத் தாயின் முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை. மறுநாள் சார் ஒரு கணக்கு நோட்டோடு வந்தார். ஒரு குழந்தைக்கு இரண்டு பேர், ஒருவர் வர முடியாவிட்டால் முந்தின நாள் ராத்திரி எட்டு மணிக்குள் மற்றவருக்குச் சொல்ல வேண்டும் என்று கோடு போட்டு எழுதினார். குழந்தையின் பெயர் நோட்டில் வரக்கூடாது, எண் மட்டும்தான் என்பதில் அவ்வளவு கண்டிப்பு. அந்த நோட்டு வந்தபிறகு ஒரு வாய்தாவுக்கும் யாரும் தனியாகப் போகவில்லை. பொறுப்பைப் பிரித்துக் கொடுப்பது எப்படி என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் வீட்டுக்குள் வந்தபோது, ஊறிப்போன மாற்றுச் சான்றிதழ்களையும் சாதிச் சான்றிதழ்களையும் செய்தித்தாள் நடுவில் வைத்து மின்விசிறிக்குக் கீழே காயவைத்ததும் சார்தான். கல்லூரிப் பிள்ளைகள் நால்வர் பிறப்புச் சான்றிதழ்களை மாநகராட்சி இணையதளத்திலிருந்து எடுத்து வீடுவீடாகக் கொடுத்தார்கள். அந்த நால்வருக்கும் என் அன்பு.

சட்டம் சொல்லித்தந்த வக்கீல் மேடத்துக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். சனிக்கிழமைதோறும் தரையில் உட்கார்ந்து, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டத்தைப் பிரிவு பிரிவாக எங்களுக்குப் புரியவைத்தார். குழந்தையிடம் வாக்குமூலம் வாங்கும் அதிகாரி சீருடையில் இருக்கக்கூடாது என்கிறது 24ஆம் பிரிவு. ஒருமுறை ஒரு வீட்டுக்குச் சீருடையிலேயே வந்துவிட்டார்கள். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய நம் தையல்கார அக்கா, குரலை உயர்த்தாமல், "சார், பிள்ளை பயப்படுது, சட்டத்திலயும் அப்படித்தான் சொல்லியிருக்கு" என்றார். அதிகாரி போய்ச் சாதாரண சட்டையில் திரும்பி வந்தார். அவருக்கும் நன்றி.

காசிமேட்டில் மீன் விற்கும் அக்காக்களே, ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை, எந்தப் பையன் வேலைக்குப் போய்விட்டான் என்று எங்களுக்குச் சொன்னது நீங்கள். பள்ளி திறந்ததும் யார் வரவில்லை என்பதும் உங்களுக்குத்தான் முதலில் தெரியும். மாற்றுச் சான்றிதழ் இல்லை என்று ஒரு பள்ளியில் ஒரு பையனைத் திருப்பி அனுப்பினார்கள். அதற்காகச் சேர்க்கையை மறுக்கக்கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. அந்தத் தாளோடு என்னுடன் இரண்டு பேர் கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்தீர்கள். அவன் இப்போது ஏழாம் வகுப்பு.

ஆட்டோ அண்ணா, கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் போட்டிருந்தால் தாமதமாகும் என்று ஒரு மணி நேரம் முன்னாலேயே வந்து நிற்பீர்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு தெருவைப் பார்க்கவே பயம். காரணம் கேட்காமல் இரண்டு வருஷமும் சுற்றிக்கொண்டு போனீர்கள்.

பெயர் எதையும் எழுதவில்லை. உங்கள் பெயரிலிருந்து பிள்ளைகளை யாரும் கண்டுபிடித்துவிடக் கூடாது, கோபித்துக்கொள்ள வேண்டாம்.

தம்பிக்கு நோட்டையும் அறைச் சாவியையும் கொடுத்துவிட்டேன். அவசரமென்றால் குழந்தைகள் உதவி எண் 1098 இருக்கிறது, எந்த நேரமும் கூப்பிடலாம் என்று தெருவில் சொல்லிக்கொண்டே இருங்கள். சனிக்கிழமை நாலு மணி வகுப்பு வழக்கம்போல உண்டு, நானும் வருவேன். பூக்கார அக்கா, அடுத்த வாய்தா புதன்கிழமை. அண்ணா ஒன்பது மணிக்கு உங்கள் கடை வாசலுக்கு வந்துவிடுவார்.

அன்புடன்,
உங்கள் தண்டையார்பேட்டைத் தங்கை